வாட் போட்ட வேலி

கெட்டில் மூடி துள்ளியதைப் பார்த்துச் சிறுவன் ஜேம்ஸ் வாட் நீராவி எந்திரத்தைக் கண்டுபிடித்தான் என்றுதான் நமக்கெல்லாம் ஊட்டப்பட்டிருக்கிறது. இந்த மேதைக் கதையாடல் எதை மறைக்கிறது என்பதே என் கேள்வி.

வாட் பிறப்பதற்கு முன்பே, 1712 முதல், நியூகோமனின் எந்திரங்கள் சுரங்கத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தன. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்து பிழைத்த வாட்டிடம் அதன் சின்ன மாதிரி ஒன்று 1763இல் ரிப்பேருக்கு வந்தது. ஒவ்வொரு அடிக்கும் ஒரே உருளையைச் சூடாக்கிக் குளிர்விப்பதில் எரிபொருள் வீணாவதைக் கண்டார். நீராவியைக் குளிர்விக்கத் தனிக்கலம் என்ற யோசனை 1765இல் பிறந்தது. அது அவருடையதுதான், சந்தேகமில்லை.

உறுத்துவது பிறகு நடந்தது. 1769இல் பெற்ற காப்புரிமையை, 1775இல் பாராளுமன்றத்தில் தனிச்சட்டம் போடவைத்து 1800 வரை நீட்டித்துக்கொண்டார். கூட்டாளி போல்ட்டன் இல்லாட்டி யார் காசு இறக்கியிருப்பார்கள் என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் விலை கொடுத்தது யார்? கார்ன்வால் சுரங்கங்களுக்கு நிலக்கரி வேல்ஸிலிருந்து கப்பலில் வரவேண்டும். பழைய எந்திரத்தைவிட மிச்சமாகும் கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு இவர்களுக்குக் கப்பம். ஜொனதன் ஹார்ன்புளோயர் 1781இல் இரட்டை உருளை எந்திரத்துக்குத் தனியே காப்புரிமை வாங்கியும், வாட்டின் தனிக்கலத்தைத் தொடாமல் அதை நன்றாக ஓட்ட வழியில்லை. எட்வர்ட் புல் மீது 1793இல் வழக்கு.

1800இல் வேலி விழுந்தது. 1811இல் ஜோயல் லீன் மாதாமாதம் ஓர் அறிக்கை வெளியிட ஆரம்பித்தார். எந்தச் சுரங்கத்து எந்திரம் எவ்வளவு கரிக்கு எவ்வளவு தண்ணீர் இறைத்தது, பொறியாளர் யார், எல்லாம் பகிரங்கம். டிரெவிதிக் 1812இல் வீல் பிராஸ்பர் சுரங்கத்தில் நிறுவிய உயர் அழுத்த எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கவில்லை. ஒருத்தர் செய்ததை இன்னொருத்தர் எடுத்துத் திருத்தினார். அடுத்த முப்பது வருஷத்தில் எந்திரத்தின் திறன் பல மடங்கு கூடியது.

இதைப் பொதுவுடைமைப் புராணமாக்கிவிடவும் வேண்டாம். மிச்சமான பணம் சுரங்கப் பங்குதாரர்களுக்கே போனது. அறிக்கையில் பொறியாளர் பெயர் உண்டு. கரி அள்ளிப் போட்டவர் பெயர் கிடையாது.

வேலி இல்லாட்டி எவனும் புதுசாக யோசிக்க மாட்டான் என்று விதைக்கும் மருந்துக்கும் காப்புரிமை கேட்பவர்கள் இன்றும் சொல்கிறார்கள். கார்ன்வாலின் அந்த முப்பது வருஷத்தை அவர்கள் முன் எடுத்து வைப்போம்.