பசும்புல்லுக்கு அடியில் ஒரு பெரிய தண்ணித் தொட்டி: நீலகிரி மலைச்சரிவு மண் ஏன் முக்கியம்?

ஊட்டியைத் தாண்டி அவலாஞ்சி, அப்பர் பவானி பக்கம் போனவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும். மலைமுகடு முழுக்கப் புல்வெளி. மடிப்புகளில் மட்டும் கரும்பச்சையாகச் சோலைக் காடு. பார்க்கிற பலருக்கும் ஒரு கேள்வி வரும்: 'இவ்வளவு இடம் சும்மா கிடக்கே, மரம் நட்டா என்ன?'

இதே கேள்வியைத்தான் 19ஆம் நூற்றாண்டிலிருந்து பலரும் கேட்டார்கள். மரமும் நட்டார்கள். அதனால் என்ன ஆனது என்று புரிய வேண்டும் என்றால், புல்லைப் பார்த்தால் போதாது. புல்லுக்கு அடியில் இருக்கும் மண்ணைப் பார்க்க வேண்டும்.

'ஆழமான, வடிகால் நல்ல மண்' என்றால் என்ன?

மண்ணியலில் இதற்குத் தெளிவான அர்த்தம் இருக்கிறது. தோண்டிக்கொண்டே போனால் கெட்டிப் பாறை வரும் வரை உள்ள தூரம்தான் மண்ணின் ஆழம். இந்திய மண் ஆய்வு முறைப்படி 50 செ.மீ.க்குள் பாறை வந்தால் அது ஆழம் குறைந்த மண். 100 செ.மீ.க்கு மேல் இருந்தால் ஆழமான மண். 150 செ.மீ.யைத் தாண்டினால் மிக ஆழமான மண்.

வடிகால் என்பது பெய்த மழை மண்ணுக்குள் எவ்வளவு நேரம் தேங்கி நிற்கிறது என்பதைப் பற்றியது. மணல் போல உடனே வடிந்துவிட்டால் அது 'அதிவேக வடிகால்', செடிக்கு ஈரம் மிஞ்சாது. சேறு போல நாள்கணக்கில் நின்றால் 'மோசமான வடிகால்', வேர் மூச்சுத் திணறும். இரண்டுக்கும் நடுவில், கூடுதல் தண்ணி இறங்கிப் போய், தேவையான ஈரம் மட்டும் தங்கும் மண்தான் வடிகால் நல்ல மண்.

நீலகிரியின் புல்வெளிச் சரிவுகள் பலவற்றில் இரண்டு குணமும் சேர்ந்தே இருக்கிறது. 'புல் மட்டும் வளருதுன்னா அங்கே மண் கம்மி' என்ற எண்ணம் இங்கே பல இடங்களில் தப்பாகிப் போகிறது.

இவ்வளவு மண் எங்கிருந்து வந்தது?

நீலகிரியின் அடிப்பாறை பெரும்பாலும் சார்னகைட். ரொம்பப் பழமையான, கடினமான பாறை. ஆனா வெயிலும் மழையும் லட்சக்கணக்கான ஆண்டுகள் வேலை செய்தால் எந்தப் பாறையும் மக்கும். மலையின் மேல்பகுதி மேசை போலப் பரந்து கிடப்பதால், மக்கிய மண் முழுதும் அடித்துச் செல்லப்படாமல் அங்கேயே தங்கிவிட்டது.

சாலை போட மலையை வெட்டிய இடத்தில் இந்த அடுக்குகளைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

மேல் அடுக்கு: கருப்பு அல்லது கரும்பழுப்பு நிறம். கையில் எடுத்தால் லேசாக, பொலபொலவென்று இருக்கும். மக்கிய புல்வேர்கள் நிறைந்தது.

நடு அடுக்கு: சிவப்பு அல்லது மஞ்சள் கலந்த களிமண். இரும்பும் அலுமினியமும் அதிகம்.

கீழ் அடுக்கு: பார்த்தால் பாறை மாதிரியே இருக்கும், ஆனா கையால் நொறுக்கலாம். இது மக்கிய பாறை. பல இடங்களில் இது மட்டுமே பல மீட்டர் ஆழம் போகும். அதற்கும் கீழேதான் கெட்டிப் பாறை.

நடு அடுக்கின் நிறம் ஒரு முக்கியமான துப்பு. காற்று போய்வரும் மண்ணில் இரும்பு துருப்பிடித்துச் சிவப்பாகும். தண்ணி தேங்கும் மண்ணில் அந்தச் சிவப்பு போய் சாம்பல் நிறம் வரும். சரிவில் சிவப்பும், பள்ளத்தாக்கின் அடியில் உள்ள சதுப்பில் கருப்பும் சாம்பலும் தெரிவதற்கு இதுதான் காரணம். ஒரே மலை, ஒரே மழை. ஆனா தண்ணி நிற்கிறதா, நகர்கிறதா என்பதைப் பொறுத்து மண்ணே மாறிவிடுகிறது.

மேல்மண் ஏன் கருப்பு?

மரம் தன் இலையைத் தரையின் மேலே கொட்டும். புல் தன் சொத்தை மண்ணுக்கு உள்ளேயே சேர்த்து வைக்கும். நார் நாராகப் பரவும் புல்வேர்கள் வளர்ந்து, செத்து, அங்கேயே மக்குகின்றன.

2,000 மீட்டருக்கு மேல் குளிர் அதிகம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். அதனால் மக்கும் வேகம் குறைவு. கூடவே மண்ணில் உள்ள அலுமினியம் அந்த மக்கைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இப்படி மக்கும் அலுமினியமும் பிணைந்த மண் பொதுவாக எரிமலைப் பகுதிகளில்தான் கிடைக்கும். எரிமலையே இல்லாத நீலகிரி உச்சிகளில் அதே குணமுள்ள மண் இருப்பது மண்ணியலாளர்களைக் கவர்ந்த விஷயம்.

இந்த மண்ணுக்கு ஒரு பலவீனமும் உண்டு. அது அமிலத்தன்மை கொண்டது. மணிச்சத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பயிருக்கு விடாது. தேயிலைக்கு அமில மண் ஒத்துப்போகும். கேரட், உருளைக்கிழங்கு போடுபவர்கள்தான் டோலமைட், சுண்ணாம்பு தூவ வேண்டியிருக்கிறது.

ஒரு ஏக்கருக்கு 50 லாரித் தண்ணி

ஒரு சின்னக் கணக்கு. மண்ணின் பருமனில் 15 சதவீதம் ஈரம் தங்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு மீட்டர் ஆழ மண்ணில் 150 மி.மீ. மழைக்குச் சமமான தண்ணி நிற்கும். ஒரு ஏக்கருக்கு இது சுமார் 6 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் கொண்டுபோனால் 50 லோடு. மண் இரண்டு மீட்டர் ஆழம் இருந்தால் 100 லோடு.

இதில் ஒரு பகுதியைப் புல் குடிக்கும். மழை தொடர்ந்து பெய்து மண்ணின் கொள்ளளவைத் தாண்டும்போது, மிச்சம் கீழ்நோக்கி மெதுவாக நகர்ந்து, சரிவின் அடியில் ஊற்றாக வெளியே வரும். அங்கே உள்ள சதுப்பு அதை வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடும். மழை நின்ற பிறகும் ஓடையில் தண்ணி ஓடும் ரகசியம் இதுதான்.

இந்த ஓடைகள்தான் குந்தா, பைக்காரா, மாயாறு என்று சேர்ந்து, கடைசியில் பவானிசாகர் அணைக்குப் போகின்றன. ஈரோடு மாவட்டத்து வாய்க்கால் பாசனம் வரை இந்தப் புல்வெளி மண்ணின் கணக்கு நீள்கிறது.

மரம் நட்டதும் என்ன நடந்தது?

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கற்பூர மரம் எனும் யூகலிப்டஸும், சீகை எனும் வாட்டிலும் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நீலகிரிக்கு வந்தன. முதலில் விறகுக்கு. சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடும் பட்டைக்கும், விஸ்கோஸ் ஆலைகளின் மரக்கூழுக்கும். புல்வெளி 'பயன்படாத நிலம்' என்று கருதப்பட்டதால், அதன் மேலேயே தோட்டங்கள் போடப்பட்டன.

இதன் விளைவை அளந்து பார்த்தது, மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் ஊட்டி மையம். கிளென்மார்கனில் பக்கத்துப் பக்கத்தில் தலா சுமார் 32 ஹெக்டேரில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை எடுத்துக்கொண்டார்கள். 1968 முதல் சில ஆண்டுகள் இரண்டையும் இயற்கையாகவே விட்டு நீரோட்டத்தை அளந்தார்கள். 1972ல் ஒன்றில் மட்டும் சுமார் 59 சதவீதப் பரப்பில் யூகலிப்டஸ் நட்டார்கள். இன்னொன்று புல்வெளியாகவே இருந்தது.

முதல் பத்தாண்டுச் சுற்றில், மரம் நட்ட பகுதியிலிருந்து வந்த தண்ணி சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய அடிமரம் மறுபடி துளிர்த்து வளர்ந்த இரண்டாவது சுற்றில் குறைவு சுமார் 25 சதவீதமானது. ஓடையின் குறைந்தபட்ச நீரோட்டமும் சரிந்தது.

காரணம் சிம்பிள். பனிக்காலத்தில் புல் காய்ந்து, தண்ணி குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். யூகலிப்டஸ் வருஷம் முழுக்கப் பச்சையாக நின்று, ஆழத்தில் உள்ள ஈரத்தையும் இழுக்கும். ஆழமான மண் என்பது அந்த மரத்துக்குப் பெரிய ஸ்ட்ரா போட்ட தொட்டி மாதிரி.

சீகை இன்னும் சிக்கல். அதன் விதை மண்ணுக்குள் பல்லாண்டு உயிரோடு கிடக்கும். தீ பட்டால் கூட்டமாக முளைக்கும். பழனி மலையில் 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு, அங்கிருந்த புல்வெளியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகச் சொன்னது.

அப்போ இங்கே காடே இருந்ததில்லையா?

காடு அழிந்ததால்தான் புல்வெளி வந்தது என்ற வாதம் பழையது. இதற்குப் பதில் சதுப்புக் கரிமண்ணில் கிடைத்தது. இந்திய அறிவியல் கழகத்தின் ரா.சுகுமார் உள்ளிட்ட ஆய்வாளர்கள் நீலகிரி சதுப்பு மண்ணின் கார்பனைச் சோதித்து 1993ல் வெளியிட்ட ஆய்வு, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல்வெளி பரந்து கிடந்ததைக் காட்டியது. மனிதன் கோடாரி தூக்குவதற்கு ரொம்ப முன்பே புல் இருந்திருக்கிறது. தோடர்களின் எருமைகளும், வரையாடுகளும் மேய்ந்தது இந்தப் பழைய புல்வெளியில்தான்.

இதே மண் ஏன் சரிகிறது?

ஆழமான மண்ணுக்கு ஆபத்தான மறுபக்கமும் இருக்கிறது. தொட்டி நிரம்பினால் எடை கூடும். மண் துகள்களுக்கு நடுவே தண்ணி அழுத்தம் ஏறி, துகள்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி தளரும். மக்கிய மண்ணும் கெட்டிப் பாறையும் சந்திக்கும் இடத்தில் மொத்தச் சரிவும் வழுக்கும்.

2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அந்த மழையில் நீலகிரி முழுக்க ஏற்பட்ட மண்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியிலும் ஒரே நாளில் 80 செ.மீ.யைத் தாண்டி மழை பெய்து, சுற்றுவட்டாரத்தில் பல இடங்களில் மண் சரிந்தது.

புல் இருந்தால் மண் சரியவே சரியாது என்று சொல்ல முடியாது. புல்வேர் மேல்மண்ணைத்தான் கட்டிப்பிடிக்கும், அரிப்பைத் தடுக்கும். பல மீட்டர் ஆழத்தில் நடக்கும் வழுக்கலை அதனால் நிறுத்த முடியாது. ஆனா மனிதன் செய்யும் மூன்று வேலைகள் ஆபத்தைக் கூட்டுகின்றன:

• வீட்டுக்கோ சாலைக்கோ சரிவின் அடியைப் பொக்லைன் வைத்துச் செங்குத்தாக வெட்டுவது. மேலே உள்ள மண்ணுக்கு முட்டுக்கொடுக்க எதுவும் இல்லாமல் போகிறது.
• இயற்கை ஓடையை மூடிக் கட்டடம் கட்டுவது. வடிய வேண்டிய தண்ணி மண்ணுக்குள்ளேயே அடைபடுகிறது.
• சரிவுக்கு நெடுக்காகப் பாத்தி போட்டுக் காய்கறி பயிரிடுவது. ஒவ்வொரு மழைக்கும் கருப்பு மேல்மண் கரைந்து அணைக்குப் போகிறது.

மலையில் வசிப்பவர்கள் கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

• சரிவிலோ, சுவரிலோ, தரையிலோ புதிதாக விரிசல்
• மரமோ மின்கம்பமோ திடீரெனச் சாய்வது
• தெளிவாக வந்த ஊற்று கலங்கி வருவது, அல்லது சட்டென நின்றுபோவது
• வறண்ட இடத்தில் புதிதாகத் தண்ணி கசிவது

கனமழை நேரத்தில் இதில் ஒன்று தெரிந்தாலும் இடத்தை விட்டு வெளியேறுவதே பாதுகாப்பு. மாவட்ட அவசரக் கட்டுப்பாட்டு மைய எண் 1077.

அந்நிய மரத்தை எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா?

உடனே ஆகாது. அந்நியத் தாவரங்களை அகற்றி இயற்கைச் சூழலை மீட்பதற்குத் தமிழ்நாடு அரசு 2022ல் தனிக் கொள்கை வெளியிட்டது. ஆனா எப்படி எடுக்கிறோம் என்பது முக்கியம். செங்குத்துச் சரிவில் மரத்தை வேரோடு பிடுங்கினால், காப்பாற்ற நினைத்த மேல்மண்ணே உருண்டு போகும். மரத்தை வெட்டி, வேரை மண்ணில் விட்டு, துளிர்ப்பதைத் தொடர்ந்து நீக்கி, உள்ளூர்ப் புல்லை நட்டுப் பரவவிட வேண்டும். இதற்குப் பல ஆண்டு பொறுமை வேண்டும்.

மண் உருவாகும் வேகத்தை நினைத்தால் இந்தப் பொறுமை பெரிய விஷயம் இல்லை. சில செ.மீ. மேல்மண் சேர நூற்றாண்டுகள் ஆகும். அது கரைந்து போக வெட்டிவிட்ட சரிவில் ஒரு பருவமழை போதும்.