கலா பொலவும் ஜோர்ஜ் கீட் மன்றமும்

கலஹாவிலிருந்து பேராதனைக்கு இறங்கும் வீதியில் ஹிந்தகல விகாரை இருக்கின்றது. அதன் பாறை முகட்டில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்திய ஓவியத்தின் எச்சங்கள் உள்ளன. எங்கள் தோட்டங்களிலிருந்து கண்டிக்குப் போகின்றவர்களில் பஸ்ஸை விட்டிறங்கி அதைப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. ஜோர்ஜ் கீட் என்ற பெயருக்கும் மலையகத் தமிழரிடையே ஏறக்குறைய அதே கதிதான்.

கீட் 1901இல் கண்டியில் ஒரு பறங்கியர் குடும்பத்தில் பிறந்தவர். திரித்துவக் கல்லூரியில் படித்தார். ஓவியத்தைத் தாமாகவே கற்றுக்கொண்டார். 1930இல் கொழும்பில் நடந்த கண்காட்சியில் அவருடைய ஓவியங்களைக் கண்டு பாராட்டி எழுதியவர், அப்போது இங்கே சிலி நாட்டுத் தூதரக அலுவலராக இருந்த கவிஞர் பாப்லோ நெருடா. 1939-40 காலத்தில் பொரளை கோதமி விகாரையின் சுவர்களில் புத்தர் சரிதத்தைத் தீட்டிய அதே கை, ராதையையும் கண்ணனையும் ஓயாமல் வரைந்தது. ஜயதேவரின் கீதகோவிந்தத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தவரும் அவரே. 1943இல் லயனல் வென்ட் முன்னின்று அமைத்த '43 குழு'வில் அவர் முக்கியமான ஒருவர். பிக்காசோவின் கோடுகளையும் இந்தியக் கோயிற் சிற்பத்தின் வளைவுகளையும் ஒரே சட்டத்துள் அடக்கியவர் என்று அவரைச் சொல்லலாம்.

1988இல், கீட் எண்பத்தேழு வயதில் இருந்தபோது, கலை ஆர்வலர் சிலர் கூடி அவர் பெயரில் ஒரு மன்றத்தை நிறுவினர். அந்த ஆண்டை நினைத்துப் பாருங்கள். வடக்கு கிழக்கில் இந்தியப் படையினருடன் போர். தெற்கில் ஜே.வி.பி.யின் இரண்டாவது கிளர்ச்சியும் அதனை ஒடுக்கிய கொலைகளும். மறுவருடம் ஒக்ரோபரில் பேராதனைப் பல்கலைக்கழகத்துக் குளமொன்றைச் சுற்றித் துண்டிக்கப்பட்ட தலைகள் வைக்கப்பட்டிருந்தன. அத்தகைய நாளில் ஓவியம் பற்றிக் கூடிப் பேசியதைச் சிலர் வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்று ஏளனம் செய்யக்கூடும். நான் அவ்வாறு நினைக்கவில்லை. அரசுத் திணைக்களம் செய்யாத காரியத்தை இலாப நோக்கில்லாமல் சிலர் தோளில் ஏற்றியதாகவே அதைக் காண்கின்றேன்.

1993இல் மன்றம் தொடங்கிய திறந்தவெளி ஓவியச் சந்தைதான் 'கலா பொல'. 'பொல' என்றால் சிங்களத்தில் சந்தை. மரக்கறி விற்கும் வாரச்சந்தைக்கும் அதே சொல்தான். கலைக்கூடத்தின் தயவில்லாமல் ஓவியர் தம் படைப்பை நடைபாதையில் சாத்திவைத்து நேரே விற்கலாம். அந்த ஆண்டு மே முதலாம் திகதி ஜனாதிபதி பிரேமதாச கொழும்புத் தெருவில் குண்டுக்குப் பலியானார். ஜூலை 31இல் கீட் காலமானார். சந்தை அதோடு நின்றுவிடவில்லை. 1994 முதல் ஜோன் கீல்ஸ் நிறுவனம் அனுசரணை வழங்கிற்று. தலைநகரில் குண்டுகள் வெடித்த ஆண்டுகளைக் கடந்தும் அது பிழைத்தது.

அது நடைபெறும் வீதிக்கு ஒருகாலத்தில் ஆனந்த குமாரசுவாமியின் பெயர். கண்டிச் சிற்பிகளையும் ஓவியர்களையும் பற்றி 1908இலேயே பெருநூல் எழுதிய தமிழ்த் தந்தையின் மைந்தர். பின்னர் அதன் ஒரு பகுதி 'நெலும் பொக்குண மாவத்தை' ஆயிற்று. பெயர்ப்பலகைகள் நம் நாட்டில் அப்படித்தான் மாறுகின்றன.

வடக்கின் ஓவியர்களுக்கு இப்படியொரு நிழல் கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் மாணவர் பலருக்குத் தூரிகை பிடிக்கக் கற்பித்தவர் அ. மாற்கு. அந்த நகரம் 1995 ஒக்ரோபரில் ஒரே இரவில் வெளியேறியபோது, மக்கள் கையில் எடுத்துச் சென்றவை அரிசியும் பிள்ளைகளுமே. சுவரில் தொங்கியவற்றை யார் சுமப்பார்?

மலையகத்தில் சுமப்பதற்கே ஒன்றும் மிஞ்சுவதில்லை. எங்கள் பக்கத்துத் தோட்டக் கோயிலொன்றின் மதிலில், பள்ளியை இடையில் விட்ட ஓர் இளைஞன் திருவிழாவுக்காக மாரியம்மனை வரைவான். கோடுகளில் தயக்கமே இராது. அடுத்த திருவிழாவுக்கு முன் அதன்மேல் சுண்ணாம்பு பூசிவிடுவார்கள்.