கான்கார்ட்: பறந்தவர்கள் யார், பணம் கட்டியவர்கள் யார்?

தோழர்களே, ஒலியை மிஞ்சிப் பறந்த கான்கார்ட் விமானத்தை அறிவியல் சாதனை என்கிறார்கள். சாதனைதான். ஆனால் அதன் சுமை யார் தலையில் விழுந்தது?

1962இல் பிரிட்டனும் பிரான்சும் ஒப்பந்தம் போட்டு, மக்கள் வரிப்பணத்தில் அதை உருவாக்கின. 1973இல் பான் ஆம் போன்ற பெரிய அமெரிக்க நிறுவனங்கள் வேண்டாம் என்று ஒதுங்கின. கட்டிய 20 விமானங்களில் 14 மட்டுமே பயணிகள் சேவைக்கு வந்தன. அவற்றையும் அந்த இரு நாட்டு அரசு விமான நிறுவனங்களே வாங்கிக்கொண்டன. ஒரு விமானத்தில் சுமார் 100 இருக்கைகள். ஆளுக்கு ஆன எரிபொருளோ ஜம்போ ஜெட்டைவிடப் பல மடங்கு. வரி கட்டிய தொழிலாளியால் அந்தக் கட்டணத்தை நினைத்தே பார்க்க முடியாது.

ஒலித்தடையைத் தாண்டும் விமானம், தான் போகும் வழியெங்கும் தரையில் வெடிச்சத்தத்தை இழுத்துச் செல்லும். 1964இல் அமெரிக்க அரசு ஓக்லஹோமா சிட்டி மக்களின் தலைக்கு மேல் இதைச் சோதித்தது. ஆறு மாதத்தில் 1,253 வெடிப்புகள். சன்னல் கண்ணாடிகள் உடைந்தன, புகார்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. கால்வாசிக்கும் மேற்பட்டோர் இந்தச் சத்தத்தோடு வாழவே முடியாது என்றார்கள்.

1967இல் இயற்பியலாளர் வில்லியம் ஷர்கிளிஃப் இதற்கென்றே ஓர் எதிர்ப்பு இயக்கம் தொடங்கினார். 1971இல் அமெரிக்க நாடாளுமன்றம் தன் நாட்டுத் திட்டத்துக்கு நிதியை நிறுத்தியது. 1973இல் நிலப்பரப்புக்கு மேல் இத்தகைய பயணிகள் விமானம் பறக்கத் தடை வந்தது. கடல்வழியே மட்டும் வேகம் காட்டிய கான்கார்ட், 2003இல் ஓய்ந்தது.

'வளர்ச்சி' என்று எந்தத் திட்டம் வந்தாலும், தலைப்பில் உள்ள கேள்வியை முதலில் கேளுங்கள்.