புல் பார்

புல் பார் என்பது வாகனத்தின் முன்பக்கத்தில் பம்பருக்கு மாற்றாகவோ அதற்கு முன்னாலோ பொருத்தப்படும் உலோகத் தடுப்புச் சட்டம் ஆகும். பெரும்பாலும் எஃகுக் குழாய்களை வளைத்துப் பற்றவைத்து இது செய்யப்படுகிறது. ஆஸ்திரேலியாவில் கங்காருவின் பெயரால் இதை 'ரூ பார்' என்றும் அழைப்பர்.

தோற்றம்

ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் ஊர்களுக்கிடையே பல நூறு கிலோமீட்டர் தொலைவு உண்டு. அந்தியிலும் விடியலிலும் கங்காருக்கள் சாலையில் குறுக்கிடும். மோதலில் ரேடியேட்டர் உடைந்தால் வண்டி நின்றுவிடும்; ஆளில்லாத வறண்ட நிலத்தில் அது உயிருக்கே ஆபத்து. இத்தேவையே புல் பாரை உருவாக்கியது. 1975இல் மெல்பர்னில் தொடங்கப்பட்ட ஏஆர்பி நிறுவனம் இத்தொழிலில் முன்னணிக்கு வந்தது.

அமைப்பு

குழாயின் தடிமனைப் போலவே பொருத்தும் முறையும் முக்கியமானது. வலுவான புல் பார், தகடுகள் வழியாகச் சேசிஸுடன் போல்ட்டால் இணைக்கப்படும். வண்டியை இழுத்து மீட்கும் வின்ச்சையும் சில வகைகள் தாங்கும்.

எதிர்ப்பும் சட்டமும்

புல் பார் நகர வண்டிகளுக்கும் பரவியபோது சிக்கல் எழுந்தது. மோதலில் நசுங்காத எஃகு, பாதசாரியின் உடலிலேயே முழு விசையையும் இறக்குகிறது. வண்டியின் முன்பகுதி நசுங்கும் விதத்தை மாற்றி, ஏர்பேக் விரியும் நேரத்தையும் அது பாதிக்கக்கூடும்.

ஆஸ்திரேலியா தடை விதிக்காமல் 2002இல் வடிவமைப்புத் தரநிலை வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் பாதசாரி பாதுகாப்புச் சோதனைகளை விதித்தது. இந்தியாவில் 2017 டிசம்பரில், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைச் சுட்டி, இவற்றின் மீது நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களுக்கு ஒன்றிய அரசு அறிவுறுத்தியது.