உள்தாழ்ப்பாளும் ஒரு பொடி ஓட்டையும்

பொட்டி தட்டுறவனுக்குப் பூட்டைப் பத்தி என்ன பேச்சுன்னு கேக்காதீங்க. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப நடந்த கூத்துதான் காரணம். ஊர்னா உத்தரகோசமங்கை. மரகத நடராஜர் வருஷம் முழுக்க சந்தனக் காப்புக்குள்ள இருந்துட்டு, மார்கழித் திருவாதிரையை ஒட்டி மட்டும் காப்பு களைஞ்சு காட்சி தர்றாரே, அதே ஊர். சாமிக்கே பிரைவசி உள்ள ஊருன்னு நண்பர்கள்கிட்ட பெருமை அடிச்சுக்குவேன் :-)

மாட்டுப் பொங்கல் அன்னைக்குக் காலையில எங்க அப்பத்தா குளியலறைக்குள்ள வழுக்கி விழுந்துருச்சு. சத்தம் கேட்டு ஓடினா, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கு. அப்பத்தா பேசுது, ஆனா எந்திரிக்க முடியல. கதவோ பழைய வீட்டுல இருந்து கழட்டி வந்து மாட்டுன வேப்பங்கதவு. சித்தப்பா கடப்பாறையை எடுத்துட்டு வந்து நெம்பித் திறக்க இருபது நிமிஷம் ஆச்சு. அந்த இருபது நிமிஷமும் அப்பத்தா கத்தினது ஒண்ணே ஒண்ணுதான்: "ஆம்பளைங்க யாரும் உள்ள வரக்கூடாது, உங்காத்தாளை மட்டும் வரச்சொல்லு." மணிக்கட்டு எலும்பு விட்டுப்போச்சு. அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல.

மறுநாளே நான் ராமநாதபுரம் போய் குமிழ் வெச்ச பாத்ரூம் பூட்டு ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். இன்ஜினியர் இல்லையா, விளக்கம் சொல்லாம மாட்ட முடியுமா? குமிழைத் திருப்பினா உள்ள இருக்குற ஒரு தகடு தாழ் நாக்கைப் பின்னுக்கு இழுக்கும், விட்டா ஸ்பிரிங் அதை வெளிய தள்ளும். நாக்கோட ஒரு பக்கம் சரிவா இருக்குறதால கதவைச் சும்மா தள்ளினாலே சாத்திக்கும். உள்பக்கக் குமிழ் நடுவுல ஒரு பொத்தான். அதை அழுத்தினா வெளிக்குமிழ் திரும்பாதபடி ஒரு சின்னத் துண்டு குறுக்கே போய் உக்காந்துக்கும். உள்ள இருக்குறவங்க குமிழைத் திருப்பினா பொத்தான் தானா விடுபட்டுரும். வெளிக்குமிழ் நடுவுல மட்டும் ஒரு பொடி ஓட்டை. அதுல மெல்லிசு கம்பியை விட்டு அழுத்தினா பூட்டு விட்டுரும். சில வகையில ஓட்டைக்குப் பதிலா ஒரு கீறல் இருக்கும், ஒரு ரூபாய் நாணயத்தை வெச்சுத் திருப்பினாப் போதும்.

எல்லாத்தையும் கேட்டுட்டு அப்பத்தா சொல்லுச்சு: "வெளிய இருந்து தொறக்குறதுக்கு வழி வெச்சுட்டு, அதுக்குப் பேரு பூட்டாடா?"

நியாயமான கேள்வி. பதில் தெரியாம முழிச்சேன். அதுக்கப்புறம் ஆபீஸ்ல ஆணி புடுங்குற நேரம் போக மிச்ச நேரத்துல தேடிப் படிச்சதுதான் மிச்சம் கதை.

முதல்ல ஒரு விஷயம். நாம பூட்டுன்னு சொல்றதெல்லாம் பெரும்பாலும் வெளியே தொங்குறது. திண்டுக்கல் பூட்டு இருக்கே, 2019ல புவிசார் குறியீடு வாங்கினது, அது வீட்டுல ஆள் இல்லாதப்ப பொருளைக் காக்குறதுக்கு. கோத்ரெஜ் கம்பெனியே 1897ல பம்பாயில பூட்டு செய்யத்தான் ஆரம்பிச்சுது, அதுவும் திருடனை மனசுல வெச்சுத்தான். ஆள் உள்ள இருக்குறப்ப போடுறது தாழ். வேலையே வேற. ரொம்பப் பழைய சொல்லு அது. திருக்குறள்ல நிறையழிதல் அதிகாரத்தோட முதல் குறள்ல ஒரு கதவு வருது. அந்தக் கதவுக்கு நாணம்தான் தாழ். அதை யாரும் திறக்கல, கோடரியால உடைக்குறாங்க. வள்ளுவர் சொல்றது காதலைப் பத்தி, எங்க வீட்டுல நடந்தது கடப்பாறை. ஆனா உள்ள நாணம், வெளிய இரும்புங்கிற கணக்கு அப்படியே பொருந்துது.

அப்ப உள்தாழை உடைக்காம வெளிய இருந்து திறக்க அந்தக் காலத்துல வழியே இல்லையா? இருந்துச்சு. சாவின்னு இன்னைக்குச் சொல்றோம், தூய தமிழ்ல திறவுகோல். கோல்னா குச்சி. ஏன் குச்சின்னு என்னைக்காவது யோசிச்சிருக்கோமா? பழைய கோயில்கள்ல முழ நீளத்துக்கு இரும்புச் சாவியைப் பாத்திருப்பீங்க, நுனி வளைஞ்சிருக்கும். கதவுல இருக்குற ஓட்டை வழியா அதை விட்டு உள்பக்கத் தாழை நகட்டுறதுதான் அதோட வேலை. கிரேக்கத்துலயும் இதே கதைதான். ஹோமரோட ஒடிசியில பெனலோப்பி வளைஞ்ச வெண்கலச் சாவியை விட்டுத்தான் அறைக்கதவுத் தாழைத் தள்ளித் திறப்பா. ஆக, என் பூட்டோட வந்த மூணு இன்ச் கம்பி புது சரக்கே இல்ல. திறவுகோலோட கொள்ளுப்பேரன்.

(இந்த இடத்துல வேதாரண்யத்தைச் சொல்லாம விட்டா பாவம். மறைகள் பூசை பண்ணி அடைச்சிட்டுப் போன கோயில் கதவைத் திறக்க அப்பர் ஒரு பதிகம் முழுக்கப் பாட வேண்டியதாப் போச்சு. திருப்பி மூட சம்பந்தர் முதல் பாட்டை எடுத்ததுமே கதவு சாத்திக்கிச்சுன்னு பெரியபுராணம் சொல்லுது. அப்பருக்கு அது மனக்குறை. நான் அப்ப அங்க இருந்திருந்தா "ஐயா, ஸ்பிரிங் நாக்கு வெச்ச கதவுன்னா அப்படித்தான், சாத்துறது ஈசி"ன்னு தேத்தியிருப்பேன். பக்தர்கள் மன்னிக்க.)

இந்தப் பொத்தான் பூட்டுக்கு முக்கியமான ஆளு வால்டர் ஷ்லேகி. ஜெர்மனியில பொறந்து சான் பிரான்சிஸ்கோ போனவர். 1909ல அவர் வாங்கின முதல் காப்புரிமையே வேடிக்கை: கதவுப் பூட்டே விளக்கை எரிய வைக்கும், அணைக்கும். 1920ல கம்பெனி தொடங்கினார். அதுக்கு முன்னாடி பெட்டிப் பூட்டு மாட்டணும்னா தச்சர் கதவோட விளிம்பை உளியால குடைஞ்சாகணும். இவர் கதவுல ரெண்டு வட்ட ஓட்டை போட்டாப் போதும்னு ஆக்கி, பூட்டுற பொத்தானைக் குமிழுக்கு நடுவுலயே கொண்டுவந்து வெச்சார். பொதுக் கழிப்பறைல 'ஆள் இருக்கு, காலி'ன்னு காட்டுற தாழ் அதுக்கும் முந்தினது, 1883ல லண்டன்ல ஆர்தர் ஆஷ்வெல் காப்புரிமை வாங்கினது. இது எதுவும் திருடனுக்காகச் செஞ்சது இல்ல. திருடன் குளியலறைக்குள்ள என்னத்தைத் திருடப் போறான், வாளியையா? 'உள்ள ஆள் இருக்கு, தள்ளாதே'ன்னு வீட்டு ஆளுக்குச் சொல்றதுக்கு. அந்த வீட்டு ஆளேதான் ஆபத்துன்னா உள்ள வரவும் வேணும். அதுக்குத்தான் அந்த ஓட்டை.

இவ்வளவையும் போன்ல அப்பத்தாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் வேற கதை சொல்லுச்சு. கல்யாணமாகி வந்தப்ப இந்த வீட்டுல குளியலறையும் கிடையாது, கக்கூசும் கிடையாது. விடியறதுக்குள்ள கம்மாக்கரைக் கருவேலங்காட்டுக்குப் போயிட்டு வந்துரணும். தவறிட்டா பொழுது சாயுற வரைக்கும் அடக்கிக்கணும். அதுக்காகவே பகல்ல தண்ணி குடிக்காதாம். குளிக்குறது நாலு பக்கமும் சேலையைக் கட்டிக்கிட்டு. 2011 கணக்கெடுப்புல தமிழ்நாட்டுக் கிராமத்து வீடுகள்ல கழிப்பறை இருந்தது நூத்துக்கு இருபத்து மூணுல மட்டும்தான். மிச்ச வீட்டுல எல்லாம் எத்தனை அப்பத்தாக்கள்னு கணக்குப் போட்டுக்குங்க. எங்க வீட்டுல கட்டினது 2015ல. தாழ்ப்பாள் போட்ட ஒரு கதவு அப்பத்தாவுக்குக் கிடைக்கும்போது வயசு எழுவதைத் தாண்டிருச்சு.

"இப்பத்தான்டா எனக்குன்னு ஒரு கதவு வந்துச்சு. அதுலயும் ஓட்டை போட வந்துட்ட."

என்கிட்ட இருந்த ஷ்லேகி, ஹோமர் எல்லாரும் கப்சிப்.

சித்திரையில ஊருக்குப் போனப்ப அப்பத்தாவே பேரம் பேசுச்சு. பூட்டை மாட்டிக்கலாம், ஆனா கம்பி அதுகிட்டதான் இருக்கணும். பூட்டோட வந்த ரெண்டு கம்பியையும் வாங்கி வெத்தலைப் பாக்கோட சுருக்குப் பைக்குள்ள போட்டு, பையை இடுப்புல சொருகிக்கிச்சு. குளிக்கப் போறப்பவும் அதோடதான் போகுது.

சைக்கிள் போக்ஸ் கம்பி ஒண்ணை அளவா வெட்டி நிலைப்படிக்கு மேல, கண்ணுல படாத இடத்துல வெச்சிருக்கேன். அம்மாவுக்கு மட்டும் காட்டியிருக்கேன். அப்பத்தாகிட்ட இன்னும் சொல்லல.