தான செட்டில்மெண்டில் ஒரு வரி

பத்திரப் பதிவுத் துறையில் இருந்த காலத்தில் நான் அதிகம் பார்த்தது தான செட்டில்மெண்ட்தான். ‘அன்பினாலும் பாசத்தினாலும்’ என்று எழுதி, வீட்டை மகனுக்குக் கொடுத்துக் கையெழுத்துப் போடுவார் பெரியவர். சில வருஷம் கழித்து அவரே வந்து, “ரத்து பண்ண முடியுமா தம்பி?” என்பார். முடியாது. கொடுத்தவர் மனசு மாறியதற்காகத் தானத்தைத் திரும்ப வாங்க 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் விடாது.

பெற்றோருக்கு ஜீவனாம்சம் என்பது இந்துக்களுக்கு 1956-லேயே வந்தது. 1973-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதை எல்லா மதத்தாருக்கும் ஆக்கியது. ஆனால் அது மாதச் செலவுக்குத்தான். எழுதிக் கொடுத்த வீடு போனது போனதுதான்.

2007-இல் வந்த மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவுதான் வழி விட்டது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்து, வாங்கியவர் பராமரிக்காவிட்டால் பத்திரம் செல்லாது என்று அறிவிக்கலாம். ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுத்தால் போதும், வக்கீல் வேண்டாம். சட்டத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்தவர்கள் பாவம், அவர்களுக்கு இது இல்லை.

அந்த நிபந்தனையில்தான் வம்பு. அப்படி ஒன்று இருந்ததென்று காட்டியாக வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம், 2022 டிசம்பரில். 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் சட்டத்தைத் தாராளமாகப் படித்து, மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவருக்குச் சொத்தைத் திருப்பித் தந்தது. அவருக்குக் கைகொடுத்தது, கடைசிவரை பார்த்துக்கொள்வதாக மகன் தனித்தாளில் எழுதியிருந்த உறுதிமொழி.

நம் பத்திர எழுத்தர்கள் பலரின் பழைய நகலில் அந்த வரி கிடையாது. கேட்டு எழுதச் சொல்லுங்கள். மகன் பக்கத்தில் நின்றாலும்.