மிலாருக்குள் வளரும் மே மாதம்

ஊட்டி தாவரவியல் பூங்காவின் கதை காய்கறியில் தொடங்குகிறது. 1840களில் ஊட்டியில் குடியிருந்த வெள்ளைக்காரர்கள் ஆளுக்கு மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு, நியாயமான விலைக்குக் காய்கறி கிடைக்க ஒரு தோட்டம் வைத்தார்கள். நீலகிரியில் இன்றும் 'இங்கிலீஷ் காய்கறி' என்றே சொல்லப்படும் கோஸ், கேரட் வகையறாக்களின் தோட்டம். அந்த ஏற்பாடு நெடுநாள் நிலைக்கவில்லை. 1848-ல் லண்டன் கியூ தோட்டத்தில் பயின்ற மெக்ஐவர் என்பவர் வந்து சேர்ந்தார். மேலே காடும் கீழே சேறுமாகக் கிடந்த தொட்டபெட்டா அடிவாரத்தைப் பூங்காவாக்க அவருக்குப் பத்தாண்டுகள் பிடித்தன.

ஊட்டி மலர்க் கண்காட்சி 1896-ல் தொடங்கியது. மலை ரயில் குன்னூரை எட்டியதே 1899-ல்தான். ஊட்டிக்கு வந்தது 1908-ல். ஆனால் 1870 முதலே சென்னை மாகாண அரசாங்கம் கோடையில் கோப்புகளோடு மலையேறிவிடும். துரைமார்களின் பங்களாக்களில் தோட்டங்கள் இருந்தன, தோட்டங்களுக்கிடையே போட்டியும் இருந்தது. வீட்டுத் தோட்டங்களுக்கும் கொய்மலர்களுக்கும் சுழற்கோப்பை கொடுக்கும் வழக்கம் இன்றும் நீடிக்கிறது. கூட்டத்தில் அதைக் கவனிப்பவர்கள்தான் குறைவு.

கூட்டம் நிற்பது பொம்மைகளின் முன்னால். கார்னேஷன் பூக்களைச் செருகி ஆள் உயரத்துக்கும் மேலே எழுப்பும் உருவங்கள் அவை. 2024-ல் மலை ரயில், 2025-ல் சோழர் அரண்மனை. செல்ஃபிக்கு அழகுதான். ஆனால் கொய்த பூ கொய்த பூதான். சில நாளில் ஓரம் சுருங்கத் தொடங்கும்.

உண்மையான வேலை தொட்டிகளில் இருக்கிறது. மே மாதம் பூக்க வேண்டிய செடிக்குப் பல மாதங்களுக்கு முன்பே விதை போட்டாக வேண்டும். நடுவில் டிசம்பர், ஜனவரி உறைபனி. ஒரு இரவுப் பனி போதும், நாற்று கருகிவிடும். அதற்குப் பூங்காத் தொழிலாளர்களிடம் ஒரு பழைய மருந்து உண்டு: கோத்தகிரிப் பக்கத்திலிருந்து மிலார் செடிகளை வெட்டி வந்து நாற்றுகளைச் சுற்றிக் கூரை போல நட்டு மூடிவிடுவார்கள். பனி மிலாரின் மேல் படியும், உள்ளே நாற்று தப்பும். அப்படிப் பிழைத்த டேலியாவும் சால்வியாவும் பெட்டூனியாவும்தான் பல்லாயிரம் தொட்டிகளில் ஏறி, மே மாதம் காட்சி மாடப் படிகளில் வரிசை கட்டி உட்காருகின்றன.

கண்காட்சிக் குடும்பமும் பெருகிவிட்டது. குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி, கூடலூரில் வாசனைத் திரவியங்கள். 1995-ல் நூற்றாண்டு மலர்க் கண்காட்சியின் நினைவாக ஊட்டியில் ரோஜாப் பூங்காவே எழுந்தது.

கொரோனாவால் 2020, 2021 இரண்டு கோடைகளும் மலர்க் கண்காட்சி இல்லாமலே போயின. 2022-ல் திரும்பி வந்தபோது அது 124-வது கண்காட்சி. அடுத்து வந்த சிக்கல் நேர்மாறானது: மலைப்பாதை தாங்காத அளவு வண்டிகள். சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2024 மே 7 முதல் மலையேற இ-பாஸ் கட்டாயமானது.

பாஸ் எடுத்து, மணிக்கணக்கில் வளைவுகளில் காத்து நின்று போகிறவர்களே, பொம்மைகளோடு படம் எடுத்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். மாடங்கள் வரை ஒரு நடை போய், மிலாருக்குள் ஒளிந்து வளர்ந்த அந்தத் தொட்டிச் செடிகளையும் பார்த்துவிட்டு வாருங்கள்.